ரியோகான் ரீல்ஸ் பார்த்து ஏங்குறீங்களா? நள்ளிரவில் மணியடித்துச் சோறு போட்ட ராஜாவைத் தெரிஞ்சுக்கோங்க!

அந்த ரீல் உங்க கண்ணிலும் பட்டிருக்கும். மலைக்கு நடுவுல ஒரு பழைய மர வீடு. தாள் ஒட்டின தள்ளுக் கதவு. கோரையில் பின்னின பாய் விரிச்ச தரை. வாசல்லயே செருப்பைக் கழற்றி வெச்சுட்டு உள்ளே போனா, உடுத்திக்க ஒரு பருத்தி அங்கி தர்றாங்க. வெந்நீர் ஊற்றில் குளிச்சுட்டு வந்தா சின்னச் சின்னக் கிண்ணத்துல ராத்திரி சாப்பாடு. சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள யாரோ வந்து படுக்கையை விரிச்சுட்டுப் போயிடறாங்க. ஜன்னலுக்கு வெளியே பனி.

அதுதான் ரியோகான். ஜப்பானின் பாரம்பர்யத் தங்கும் விடுதி. யமனாஷி மாகாணத்தில் இருக்கிற நிஷியாமா ஒன்சென் கெய்உன்கான் என்ற விடுதி கி.பி. 705-ல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய ஹோட்டல் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்திருக்கிறது. ஒரே வேலையை 1,300 வருஷமா செய்றாங்க. வர்றவங்களை உட்காரவைக்கிறது, குளிக்கவைக்கிறது, சாப்பிடவைக்கிறது, தூங்கவைக்கிறது. அவ்வளவுதான்.

வீடியோவை சேவ் பண்ணிட்டு விமான டிக்கெட், விசா, அறை வாடகைன்னு கணக்குப் போட ஆரம்பிச்சா, கை தானா அடுத்த ரீலுக்குப் போயிடும். போகட்டும். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நம்ம டெல்டாவில், வயலுக்கு நடுவுல, நடந்து வர்ற யாத்ரீகருக்கு இதே மாதிரி வரவேற்பு கொடுத்த தங்குமிடங்கள் வரிசையா இருந்தது தெரியுமா? பில் கிடையாது. சாதாரணப் பயணிக்கும் உண்டு. நாட்டையே பறிகொடுத்த ஒரு ராஜா, அந்தத் தங்குமிடங்களை மட்டும் விடமாட்டேன்னு பிடிச்சுக்கிட்டு நின்னார். அவர் தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகால் நூலகம்னு சொன்னா சட்டுன்னு ஞாபகம் வர்றவர்தான். ஆனா, அவரோட இந்தப் பக்கம் பலருக்குத் தெரியாது.

கோவில்பத்துல இருந்து ஒரு ரயில் தூரம்

காரைக்கால் கோவில்பத்துக்காரங்களுக்கு விருந்தோம்பலைப் பத்திப் பாடம் எடுக்கத் தேவையே இல்லை. சம்பந்தர் தெளிச்சேரி என்று பாடிய பார்வதீஸ்வரர் கோயில் இருக்கிற இடம் அது. அதே காரைக்கால்லதான் வருஷா வருஷம் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்குது. ஊரே மாம்பழம் வீசுற அந்தத் திருவிழாவின் மையம் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. கறி இன்னும் வேகாத நேரத்துல பசியோட வாசலுக்கு வந்த ஓர் அடியாருக்கு, கணவர் அனுப்பிவெச்ச ரெண்டு மாம்பழத்துல ஒண்ணை எடுத்து இலையில் வெச்ச ஒரு பெண்ணின் கதை. திடீர்னு வந்த ஒரு விருந்தாளிக்காக ஒரு நகரமே இன்னிக்கும் திருவிழா எடுக்குது.

அந்தக் காரைக்காலில் ரயில் ஏறினா நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர் தாண்டி நீடாமங்கலம் வரும். அதுக்கப்புறம் தஞ்சாவூர். நீடாமங்கலத்துல யமுனாம்பாள் பேரில் ஒரு பழைய சத்திரம் உண்டு. அது சரபோஜிக்கு முந்தைய பிரதாப சிங் மன்னர் காலத்தது. தஞ்சாவூரில் இறங்கி பட்டுக்கோட்டை பஸ் பிடிச்சா, சுமார் 24 கிலோமீட்டரில் ஒரத்தநாடு. அங்கே முக்தாம்பாள் சத்திரம். அது சரபோஜி கட்டினது.

இன்னொரு சங்கதி. 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போவதற்கு முன்னால், காரைக்காலும் தஞ்சை மராத்திய அரசின் ஊர்தான். அதனால இது பக்கத்து நாட்டு ராஜா கதை இல்லை. உங்க ஊர்க் கதையும்தான்.

தத்து வந்த பையன்

சரபோஜி 1777 செப்டம்பரில் பிறந்தார். போன்ஸ்லே அரச குடும்பத்தின் ஒரு கிளையில் பிறந்த பையன். அரண்மனை வாரிசா வளர்ந்தவர் இல்லை. அப்போது தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் துளஜா. பெற்ற பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த அவர், 1787 ஜனவரியில் இந்தப் பையனைத் தத்தெடுத்தார். பத்து வயசுகூட நிரம்பாத சிறுவன். தத்தெடுத்த அப்பாவும் சீக்கிரமே கண்மூடினார்.

அடுத்து என்ன நடந்திருக்கும்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. துளஜாவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அமர்சிங் அரியணை ஏறினார். பையனைத் தத்தெடுத்தது சாஸ்திரப்படி செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, கிழக்கிந்தியக் கம்பெனியும் அதை ஒத்துக்கொண்டது. இளவரசனாகக் கூட்டிவரப்பட்ட பையன் சொந்த அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தான். வெளியே வர முடியாது. ஒழுங்கான படிப்பு கிடையாது.

அவனுக்காகப் பேசியவர் ஒரு ஜெர்மானியப் பாதிரியார். பெயர் சுவார்ட்ஸ். காரைக்காலுக்குப் பக்கத்துல இருக்கே தரங்கம்பாடி, அந்த டேனிஷ் மிஷனுக்கு 1750-ல் வந்தவர். பிறகு திருச்சி, தஞ்சாவூர் என்று தங்கி, தமிழும் மராத்தியும் பேசப் பழகினார். சாகிறதுக்கு முன்னால் துளஜா இந்தப் பையனை அவரிடம்தான் ஒப்படைக்க நினைத்தார். சுவார்ட்ஸ் கம்பெனிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். கடைசியில் 1793-ல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு பாதிரியாரிடம் ஆங்கிலம் படித்தார்.

கொஞ்சம் நிறுத்தி அந்தப் பையன் இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. பிறந்த வீடு இல்லை. தத்துப்போன வீடு சிறை. அடைக்கலம் கொடுத்தவர் வேற மதம், வேற மொழி, வேற தேசம். யாரோ ஒருத்தர் கதவைத் திறந்துவிட்டதாலதான் தப்பிச்சார். சத்திரங்கள் மேல் பிற்காலத்தில் அவருக்கு இருந்த பிடிவாதத்துக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா, அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கும்போது இந்தப் பையனை மறக்கவும் முடியலை.

கிரீடம் வந்தது, நாடு போனது

காற்று மாறியது. தத்து செல்லும் என்று கம்பெனி பிறகு தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1798 ஜூனில் சரபோஜி தஞ்சை அரியணையில் அமர்ந்தார். வயசு 20. அவரைக் காப்பாற்றிய சுவார்ட்ஸ் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. நாலு மாசம் முன்னால், பிப்ரவரியில் இறந்துபோயிருந்தார். தஞ்சாவூர் சுவார்ட்ஸ் தேவாலயத்துல ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கு. பாதிரியாரின் மரணப் படுக்கை அருகே சரபோஜி நிற்கிற காட்சி. இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் வடித்தது. செய்யச் சொன்னவர் சரபோஜி.

சும்மா கிரீடம் கொடுக்குமா கம்பெனி? 1799 அக்டோபரில் ஓர் ஒப்பந்தம். அதன்படி தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்கு. சரபோஜிக்குக் கோட்டையும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் மட்டும். வருஷத்துக்கு 1,00,000 நட்சத்திர வராகன் படி, நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வரி வசூல், நீதி, காவல் எதுவும் அவர் கையில் இல்லை. காவிரிப் பாசனத்தின் பொன் விளையும் பூமிக்குப் பேருக்கு ராஜா. இன்னிக்கு பாஷையில் சொன்னா, கம்பெனியை வித்துட்டு கௌரவ சேர்மன் பதவியில் உட்காரவைக்கிற மாதிரி.

அந்த இடத்துல இருக்கிற 22 வயசுப் பையன் என்ன கேட்பான்? படி கொஞ்சம் கூட்டிக் கொடுங்கன்னு கேட்கலாம். மரியாதைக் குண்டு இன்னும் நாலு வெடிங்கன்னு கேட்கலாம். சரபோஜி வலியுறுத்தியதில் முக்கியமான ஒன்று, சத்திரங்கள். கோட்டைக்கு வெளியே, கம்பெனியின் நிர்வாகத்துக்குப் போய்விட்ட நிலப்பரப்பில் இருந்த சத்திரங்களும் அவற்றுக்கு மானியமாக விடப்பட்ட கிராமங்களும் தன் பொறுப்பிலேயே இருக்க வேண்டும் என்றார்.

1801-ல் தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரம் என்றால் என்ன, அதற்குள் என்ன நடக்கிறது, ஏன் அதில் கைவைக்கக் கூடாது என்று வரவு செலவு பார்க்கும் வெள்ளைக்காரர்களுக்குப் புரியவைக்கும் கடிதம் அது.

சத்திரத்துக்குள் நுழைஞ்சா என்ன கிடைக்கும்?

அந்தக் கடிதத்தில் இருக்கிற விவரங்களை ஒரு விடுதியின் வசதிப் பட்டியல் மாதிரி படிச்சுப் பாருங்க.

காசியிலிருந்து கங்கைத் தண்ணீரைச் சுமந்துகொண்டு ராமேஸ்வரம் போகிறவர்கள், சேதுவில் முழுக்குப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள், பண்டாரங்கள், பைராகிகள், ஜங்கமர்கள், சாதாரண வழிப்போக்கர்கள்... யார் வந்தாலும் சோறு உண்டு. எந்தச் சாதியாக இருந்தாலும் உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மளிகையும் அளந்து கொடுத்துவிடுவார்கள். அவங்களே சமைச்சுக்கலாம்.

இப்படிச் சோறு போடுவது நள்ளிரவு வரை நடக்கும். நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வரலாம் என்று உரக்கக் கூப்பிடுவார்கள். எல்லோரும் சாப்பிட்டாச்சு என்று உறுதியான பிறகுதான் அன்றைய வேலை முடியும். ராத்திரி 10 மணிக்கே கிச்சன் க்ளோஸ்னு போர்டு மாட்டுற காலத்துல நாம இருக்கோம்.

நடந்துவந்த வழியில் காய்ச்சல் வந்துவிட்டதா? கட்டி வீங்கிவிட்டதா? பாம்பு கடித்துவிட்டதா? சத்திரத்திலேயே வைத்தியர்கள் இருந்தார்கள். மருந்து கொடுத்து, நோய்க்கு ஏற்ற பத்தியச் சாப்பாடு போட்டு, குணமாகும் வரை மரியாதையாகப் பார்த்துக்கொள்வார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. பயணத்தில் பிரசவ வலி வந்த பெண்ணுக்குச் செலவையும் மருந்தையும் சத்திரமே ஏற்கும். பிரசவம் ஆன பிறகு மூன்று மாதம் வரை அங்கேயே தங்கலாம்.

வழியில் பெற்றோரை இழந்து அநாதையான பிள்ளைகள் சத்திரத்து வாத்தியாரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, துணிமணி, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். எந்தப் படிப்பில் விருப்பமோ அந்தப் படிப்பு. படித்து ஆளானதும் கல்யாணச் செலவும் சத்திரத்துடையது. யாத்திரையில் இறந்துபோனவர்களுக்கு அவரவர் முறைப்படி காரியமும் செய்தார்கள்.

எண்ணெய்க் குளியல் வரைக்கும் ஒரு ராஜா கடிதத்தில் எழுதியிருக்கார்ங்கிறதைக் கவனிங்க. அடைபட்டுக் கிடந்து, ஒழுங்காகக் கவனிக்க ஆள் இல்லாமல் வளர்ந்த ஒரு பையன் பெரியவனாகி எழுதிய கடிதம் அது.

இதுக்கெல்லாம் பணம் எங்கிருந்து? ஒவ்வொரு சத்திரத்துக்கும் வரி இல்லாத மானியமாகக் கிராமங்கள் விடப்பட்டிருந்தன. அந்த நிலத்தில் விளைந்த நெல் சத்திரத்தின் களஞ்சியத்துக்கு வரும். அதிலிருந்துதான் சோறு, சம்பளம், மருந்து எல்லாம். கஜானாவிலிருந்து ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. அதனாலதான் சரபோஜி கட்டடத்துக்காக மட்டும் வாதாடவில்லை, கிராமங்களுக்காகவும் வாதாடினார். நிலம் கைவிட்டுப் போனால் அடுப்பு அணைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கம்பெனி இறங்கிவந்தது. சத்திரங்கள் அவர் பொறுப்பிலேயே இருந்தன.

ஏன் எல்லாமே பெண்கள் பேர்?

யமுனாம்பாள், முக்தாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள், மீமிசலில் ராஜகுமாராம்பாள்... தஞ்சை மராத்தியர் சத்திரங்களில் பல, அரச குடும்பத்துப் பெண்கள் பேரில்தான் நின்றன. ராமேஸ்வரம் போகிற வழியில் இருப்பவை பல. போருக்கும் வெற்றிக்கும் ராஜாக்கள் பேர். பசிக்கு அம்மாக்கள் பேர்.

ஒரத்தநாட்டுச் சத்திரத்துக்குப் பின்னால் ஒரு காதல் கதை இருக்கு. முக்தாம்பாள், சரபோஜியின் மனத்துக்கு நெருக்கமானவர். முறைப்படி பட்டத்து ராணி ஆனவர் இல்லை. இளம் வயதிலேயே இறந்துபோனார். தன் பேரில் ஒரு சத்திரம் கட்டி அன்னதானம் செய்ய வேண்டும் என்று சாகும் முன் அவர் கேட்டுக்கொண்டதாகச் செவிவழியாகச் சொல்வார்கள். 1802-ல் சத்திரம் எழுந்தது. ஷாஜகானுக்கு ஒரு தாஜ்மகால்னா, சரபோஜிக்கு ஒரு சத்திரம். ஒரே வித்தியாசம், இங்கே சோறு போட்டாங்க.

கட்டடம் விசாலமானது. வெயில் விழும் முற்றங்கள், அவற்றைச் சுற்றி ஓடும் தாழ்வாரங்கள், வேலைப்பாடு செய்த மரத் தூண்கள். யானையும் குதிரையும் தேரை இழுத்துப் போவதுபோலச் செதுக்கிய கல் வேலை. நடந்து நடந்து கால் ஓய்ந்த ஒருத்தர், முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்ததும் எப்படி இருந்திருக்கும்னு அங்கே போய் நின்னாதான் தெரியும்.

அதே நேரம் ஜப்பானில்...

சரபோஜி இங்கே மணியடிக்கவைத்த அதே காலத்தில், ஜப்பானில் எதோ காலம் நடந்துகொண்டிருந்தது. இன்றைய டோக்கியோவான எதோவிலிருந்து கியோட்டோ வரை போன தோக்காய்தோ நெடுஞ்சாலையில் 53 தங்கல் ஊர்கள். அங்கே மூன்று வகை விடுதிகள் இருந்தன. பிரபுக்களுக்கும் அரசு அதிகாரிகளுக்கும் ஹோன்ஜின். அதில் சாதாரண ஆள் தங்க முடியாது. காசு கொடுக்கக்கூடிய பயணிகளுக்கு, ராத்திரியும் காலையும் சாப்பாடு போடும் ஹதாகோ. கையில் அவ்வளவு இல்லாதவர்களுக்கு, விறகுக் காசு மட்டும் கொடுத்துவிட்டுத் தானே சமைத்துக்கொள்ளும் சின்ன விடுதி. இந்த ஹதாகோ மரபிலிருந்துதான் இன்றைய ரியோகான் வளர்ந்தது.

அங்கேயும் மக்களை நடக்கவைத்தது யாத்திரைதான். நமக்கு ராமேஸ்வரம் மாதிரி அவங்களுக்கு இசே கோயில். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சாலை, ஒரே மாதிரி பக்தர்கள், ஒரே மாதிரி வீங்கின கால். ஆனா, அங்கே விடுதி ஒரு தொழிலாக வளர்ந்தது. வாடகை வாங்கியதால் சாலை மாறி, ரயில் வந்து, ராஜா போன பிறகும் அது பிழைத்தது. இங்கே விடுதி ஒரு தர்மமாக இருந்தது. நிலமும் அதைக் காக்கிற ஆளும் இருக்கும் வரை மட்டுமே அது உயிரோடு இருக்க முடியும். ரியோகான் ஏன் இன்னிக்கும் ரீல்ஸ்ல வருது, சத்திரம் ஏன் வரலைங்கிற கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

மற்ற நேரத்தில் ராஜா என்ன செய்தார்?

ஆட்சி செய்ய நாடு இல்லாத ராஜாவுக்கு நேரம் நிறைய. அதை அவர் வீணாக்கவில்லை. நாயக்கர் காலத்திலிருந்து வந்த அரண்மனை நூலகத்தை இன்று நாம் அறியும் சரஸ்வதி மகாலாக வளர்த்தார். 1805-ல் தேவநாகரி எழுத்துகளுடன் ஓர் அச்சுக்கூடம் அமைத்தார். தன்வந்திரி மகால் என்ற பெயரில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மேலைநாட்டு மருத்துவம் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தார். கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்ணின் வண்ணப் படத்தோடு பதிவு செய்த ஏடுகள் இன்னமும் இருக்கின்றன.

1820-ல் அவரே யாத்திரை கிளம்பினார். காசிக்கு, சுமார் 3,000 பேர் கூட வர. இத்தனை வருஷம் வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுத்தவர், இப்போ தானே வழிப்போக்கர். போன இடத்திலெல்லாம் ஏடுகள் சேகரித்தார். காசியின் படித்துறைகளைப் படமாக வரையவைத்துக் கொண்டுவந்தார்.

அவரை முழுக்கப் புகழ்ந்து எழுதிவிடவும் முடியாது. கடற்கரையில் மல்லிப்பட்டினம் அருகே மனோரா கோபுரம் பார்த்திருக்கீங்களா? எட்டு அடுக்கு, ஆறு பட்டை. நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வீழ்த்தியதைக் கொண்டாடி 1814-ல் சரபோஜி எழுப்பியது. தன்னைப் பொம்மை ராஜாவாக்கியவர்களின் வெற்றிக்கு அவரே தூண் எழுப்பினார். சத்திரத்துக்காகக் கம்பெனியிடம் வாதாடியவரும் இதே ஆள்தான். அவங்க தயவு வேணும், ஆனா எதை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னும் தெரியும். அந்த இக்கட்டுலயேதான் அவர் வாழ்ந்தார்.

சத்திரங்களுக்குள்ளும் எல்லாம் சமமாக இருந்துவிடவில்லை. சாதி பார்க்காமல் சோறு போட்டார்கள் என்றாலும், சமைத்த சோறா அரிசியா என்ற அந்தத் தேர்வே சாதியிலிருந்து வந்ததுதான். வேத பாடசாலைகளின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கவில்லை.

ராஜா போன பிறகு

1832 மார்ச் 7 அன்று சரபோஜி இறந்தார். வயது 54. அதே 1832-ல்தான் ஓவியர் ஹிரோஷிகே தோக்காய்தோ சாலையில் பயணம் போனதாகச் சொல்கிறார்கள். அடுத்த வருடம் முதல் அவர் வெளியிட்ட தங்கல் ஊர்களின் ஓவியங்கள் அந்தச் சாலையையும் விடுதிகளையும் உலகத்துக்கே தெரியவைத்தன. நம்ம சேது சாலையை அப்படி வரைய ஆள் இல்லை.

சரபோஜியின் மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், மிச்சமிருந்த அரசையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. சத்திரங்கள் காலப்போக்கில் மாவட்ட போர்டின் கைக்கு வந்தன. ரயில் ஓட ஆரம்பித்ததும் நடந்து போகிற யாத்ரீகர்கள் குறைந்தார்கள். சத்திரத்து வருமானம் படிப்புக்குத் திரும்பியது. திருவையாற்றில் இன்றுள்ள அரசர் கல்லூரி, சத்திர வருமானத்தில் 1881-ல் சமஸ்கிருதக் கல்லூரியாகத் தொடங்கியதுதான். ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் மாணவர் விடுதிகள் நடந்தன.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். ராஜா எல்லோருக்கும் என்று சொல்லிக் காப்பாற்றிய அறக்கட்டளையின் காசில் நடந்த விடுதிகளில், ஒரு சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசச் சாப்பாடு என்று நடைமுறை ஆகிப்போயிருந்தது. 1920-களில் தஞ்சை மாவட்ட போர்டின் தலைவராக வந்த நீதிக்கட்சிக்காரர் ஏ.டி.பன்னீர்செல்வம் அதை மாற்றினார். விடுதிகள் மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்தன. திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்ப் படிப்பும் வந்தது. இதில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனாரின் முயற்சியும் உண்டு. சத்திரக் காசில் சாப்பிட்டுப் படித்துத் தலைநிமிர்ந்த டெல்டா குடும்பங்கள் நிறைய. உங்க தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ அதில் ஒருத்தரா இருக்கலாம். வீட்டுல கேட்டுப் பாருங்க.

ஒரு வார இறுதி போதும்

சரி, போய்ப் பார்க்க ஆசையா? ரெண்டு வழி சொல்றேன்.

ஒண்ணு, உள்நாட்டு வழி. காரைக்காலில் ரயில் ஏறி நீடாமங்கலத்துல யமுனாம்பாள் சத்திரம், அப்புறம் தஞ்சாவூர். அரண்மனையில் சரஸ்வதி மகால் அருங்காட்சியகம், தர்பார் மண்டபத்தில் சரபோஜியின் பளிங்குச் சிலை, சுவார்ட்ஸ் தேவாலயம். அங்கிருந்து பஸ்ஸில் ஒரத்தநாடு.

ரெண்டாவது, பைக் இருந்தா கடற்கரை வழி. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், ராஜாமடம், மல்லிப்பட்டினம் மனோரா, சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல். ஊர்ப் பேரைக் கவனிச்சீங்களா? மடம், சத்திரம்னு பேரிலேயே தங்குமிடம். நீங்க கிழக்குக் கடற்கரைச் சாலைன்னு நினைச்சு ஓட்டுற பாதையில் பெரும்பகுதி, ராமேஸ்வரத்துக்கு நடந்தவர்களின் பாதை.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன். ரியோகான் மாதிரி பளபளன்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. பல சத்திரங்கள் சிதிலமாத்தான் இருக்கு. சில இடங்களில் செடி முளைச்சிருக்கும், ஓடு சரிஞ்சிருக்கும். தஞ்சாவூர் மாவட்ட நிர்வாகத்தில் சத்திரங்களுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. பழுது பார்க்கணும்னு ஊர்க்காரங்க கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. பூட்டியிருந்தா சுவர் ஏறிக் குதிக்காம, அக்கம்பக்கத்துல கேட்டுட்டுப் போங்க. சுவரில் பேரைக் கிறுக்காதீங்க. நல்ல போட்டோ எடுத்து, இடத்தின் பேரை ஒழுங்கா டேக் பண்ணிப் போடுங்க. ஹிரோஷிகே செஞ்ச வேலையில் துளியாவது அது செய்யும்.

ஜப்பானுக்கும் ஒருநாள் கண்டிப்பா போங்க. அந்தப் பாயில் உட்கார்ந்து, அந்த வெந்நீர் ஊற்றில் குளிச்சுட்டு வாங்க. அதுக்கு முன்னாடி ஒரத்தநாட்டு முற்றத்தில் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போங்க. அந்த நள்ளிரவு மணி இப்போ அங்கே அடிக்கிறதில்லை. ஆனா, நம்ம வீட்டு வாசல்ல நேரம் கெட்ட நேரத்துல யாராவது வந்து நின்னா, சாப்டீங்களான்னு முதல்ல கேட்கிற பழக்கம் இன்னும் நம்மகிட்ட இருக்கு இல்லையா?